தொட்டிலுக்குக் கீழே குஞ்சுகள்

மாது,

குஞ்சுகளுக்கு அடியில் பரப்ப நீ கேட்ட ராகி உமி வராது. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் உன் அப்பாவை உட்கார வைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, முதலில் ஒரு காரியம் செய். பையனைத் தொட்டிலிலிருந்து எடுத்து வள்ளியிடம் கொடுத்து, இரண்டு பேரையும் பக்கத்து வீட்டில் உட்கார வைத்துவிட்டு வா. எதற்கு என்று அவள் கேட்டால் மாமியார் சொன்னாள் என்று சொல், என்மேல் பழி கிடக்கட்டும். அதற்குப் பிறகு மீதியைப் படி. இத்தனை பக்கத்தையும் நீ படித்து முடிக்கும்வரை அவன் அந்த அறையில் கிடக்க வேண்டாம்.

உமி மூட்டை கட்டியாகிவிட்டது. உன் அப்பா வாயைத் தைத்துக் கோணி ஊசியைக் கூரையில் செருகியும் விட்டார். மகன் கேட்டுவிட்டான் என்றால் அவருக்குக் கால் தரையில் நிற்காது, உனக்குத்தான் தெரியுமே. உன் கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் எனக்குப் படித்துக் காட்டினார். மறுபக்கம் குழந்தைச் சங்கதிதான் என்று மடித்து வைத்துவிட்டார். குழந்தைச் சங்கதியைத் தவிர எனக்கு வேறு என்ன வேண்டியிருக்கிறது? நானே எடுத்துப் படித்தேன். பையன் தூங்கும்போது கோழிக்குஞ்சு மாதிரியே கீச்சுக் கீச்சென்று சத்தம் போடுகிறான், குஞ்சுகளோடு போட்டி போடுகிறான், வள்ளிக்கு அதைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பு என்று எழுதியிருந்தாய். எழுந்துபோய் மூட்டையின் தையலை அரிவாளால் அறுத்து, உமியைக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டேன். “ஏண்டி, உனக்கு என்ன பேய் புடிச்சிக்கிச்சா?” என்று கேட்டார் உன் அப்பா. கடிதத்தின் மறுபக்கத்தை அவர் கையில் கொடுத்தேன். படித்தார். காலிக் கோணியை அவரே மடித்து வெளியே கொண்டுபோய் வைத்தார்.

நேரில் வந்திருந்தால் உன் காதைத் திருகி நாலு வார்த்தையில் சொல்லி முடித்திருப்பேன். பெட்ரோலுக்குப் பதில் இப்போது கரியில் ஓடுகிற பஸ்ஸில் ஏறிப் பென்னாகரம்வரை வர எனக்குத் தெம்பில்லை. பஸ் படியில் கால் வைப்பதற்குள் மார்பு அடைத்துக்கொள்கிறது. ஒரு வாக்கியம் பேசினால் அடுத்ததற்கு முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. வருஷா வருஷம் களத்தில் ராகியும் சாமையும் தூற்றிய தூசி, கோழிகளோடு புழங்கிய தூசி, எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு கணக்குக் கேட்கிறது. எழுதும்போது மட்டும் மூச்சு வாங்குவதில்லை. அதனால் வாயால் சொல்ல முடியாததையெல்லாம் எழுதித் தொலைக்கிறேன். பொறுமையாகப் படி.

உன் வீடு எப்படி இருக்கிறது என்று குழந்தையைப் பார்க்க வந்துவிட்டுத் திரும்பிய உன் அப்பா சொல்லியிருக்கிறார். ஒரே அறை, ஓட்டுக் கூரை, தெருப்பக்கம் ஒரு கதவு, பின்னால் சின்ன ஜன்னல். மரக்கிடங்கில் கணக்கு எழுதும் உனக்கு வருகிற சம்பளம் இந்தச் சண்டைக்காலத்து விலைவாசிக்குக் காணவில்லை. பட்டாளத்துக்கு முட்டை வாங்குகிற ஆள் வாரம் தவறாமல் வருகிறான் என்று கேட்டு, வள்ளி தன் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்து வெள்ளைச் சீமைக்கோழிக் குஞ்சுகளை வாங்கச் சொன்னாள். வெளியே விட்டால் பருந்தும் கீரியும் விடாது, இப்போது கோழிச்சீக்கு வேறு ஊர் ஊராகச் சுற்றுகிறது. அதனால் குஞ்சுகள் அறைக்குள் வந்தன. மண்ணெண்ணெயும் கிடைப்பதில்லை, கரியும் கிடைப்பதில்லை. அதனால் ஒரே கணப்புச் சட்டி. குஞ்சுகளுக்கும் அதுதான் சூடு, தொட்டிலுக்கும் அதுதான் சூடு. இதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. பெருமையாகத்தான் எழுதியிருந்தாய். வள்ளி தினம் காலையில் அடுப்புச் சாம்பலைச் சலித்துக் குஞ்சுகளுக்கு அடியில் தூவிவிடுகிறாள், ஒரு துளி நாற்றம் இல்லை, ஒரு செள்ளுப் பூச்சி இல்லை என்று. கெட்டிக்காரப் பெண். நானும் அப்படித்தான் கெட்டிக்காரியாக இருந்தேன்.

நீ அப்போது மாரண்டஹள்ளிப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. உன் தங்கை பாப்பாத்தி பிறந்து தலை நின்றிருந்தது, குப்புறக் கவிழப் பார்ப்பாள். அந்த வருஷமும் இதே மாதிரி கோழிச்சீக்கு வந்தது. காலையில் கோழிகளைக் கவிழ்த்து வைத்த பஞ்சாரக் கூடையைத் தூக்கினால் கழுத்தைத் திருகிக்கொண்டு ஒன்று கிடக்கும், பொழுது சாய்வதற்குள் இன்னொன்று. தாய்க்கோழிகள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. என்னவோ குஞ்சுகளில் பாதி மிஞ்சின. கார்த்திகை மழை விட்டுப் பனி இறங்க ஆரம்பித்திருந்தது. அணைத்துக்கொள்ளத் தாய் இல்லாத குஞ்சு நம் ஊர்ப் பனியில் ஒரு பொழுது தாங்காது. அவற்றை அள்ளிக்கொண்டுவந்து உள்வீட்டில் பஞ்சாரத்துக்கு அடியில் விட்டேன். பக்கத்திலேயே கணப்புச் சட்டி. குழந்தைக்கும் குளிருமே என்று உன் அப்பா தொட்டில் சேலையை அவிழ்த்துச் சட்டிக்கு நேர் மேலே வரும்படி அடுத்த விட்டத்துக்கு மாற்றிக் கட்டினார். “ஒரே சட்டியில ரெண்டு வேல, பாத்தியா?” என்றார். வந்து பார்த்தவர்கள் எல்லாம் நல்ல யோசனை என்றுதான் சொன்னார்கள். ஒருத்தர் வாயிலிருந்தும் வேறு வார்த்தை வரவில்லை.

குஞ்சு சின்னதாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, மாது. பஞ்சு உருண்டை மாதிரி கிடக்கும். சிறகு முளைக்க ஆரம்பிக்கும்போதுதான் வருகிறது. அந்தப் பஞ்சு உதிரும், முளைக்கிற இறகின் உறை பொடிப் பொடியாக உடையும், எச்சம் காய்ந்து மாவாகும், கீழே போட்ட உமியைக் காலால் சீய்த்துச் சீய்த்துத் தவிடாக்கிவிடும். ராகி உமி ஏற்கெனவே தூசுதான். அதன்மேல் நான் தினம் சாம்பலைத் தூவினேன். சாம்பல் என்றால் சுத்தம் என்றுதானே நமக்கெல்லாம் பழக்கம்? பாத்திரத்துக்குச் சாம்பல், பல்லுக்குச் சாம்பல், நெற்றிக்கும் சாம்பல். வெள்ளிக்கிழமை தவறாமல் தரையைச் சாணியால் மெழுகினேன். குஞ்சுகள் மூன்றாம் நாளே அதைக் கொத்தி உரித்துப் பொருக்குப் பொருக்காக்கிவிடும். நான் விளக்குமாற்றை எடுத்து வறட்டுத் தரையைச் சரசரவென்று கூட்டித் தள்ளுவேன். கூட்டி முடித்ததும் வீடு பளிச்சென்று இருக்கும். கூட்டினது எங்கே போயிற்று என்று நான் மேலே பார்க்கவில்லை.

நீ பார்த்தாய். நம் வீட்டுக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. காலை வெயில் அதன் வழியாகத் தொட்டில்மேல் இறங்கும். அந்த வெளிச்சத்துக்குள் தூசு மெதுவாக ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, அதைப் பிடிக்கிறேன் என்று இரண்டு கையையும் நீட்டிக் குதித்துக்கொண்டிருப்பாய். கணப்புச் சூடு கீழே இருப்பதை எல்லாம் மேலே கிளப்பிவிடும். மேலே கிளம்புவது முதலில் போய்ச் சேரும் இடம் தொட்டில். இது இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று உன் முதுகில் ஒன்று வைத்து அனுப்பினேன்.

ஒரு மத்தியானம் நான் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். நீ மூச்சிரைக்க ஓடி வந்தாய். “அம்மா, பாப்பா கோழிக்குஞ்சாட்டம் கத்துதும்மா. வந்து பாரேன்,” என்றாய். நீ எழுதியிருக்கிறாயே, அதே வார்த்தை. வந்து தொட்டில் ஓரத்தில் காதை வைத்துக் கேட்டேன். தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். மூச்சை இழுக்கும்போது சத்தமில்லை, விடும்போது கீச்சென்று நூல் மாதிரி ஒரு சத்தம். நானும் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரி மாதம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள், “கோழிக்கூட சேந்து இதுவும் கோழியாப் போச்சு,” என்றாள். உன் அப்பா வயலிலிருந்து வந்ததும் அவரையும் கேட்கச் சொன்னோம். எல்லோரும் கேட்டோம். எல்லோரும் சிரித்தோம்.

பிறகு அவள் பால் குடிக்கும்போது பாதியில் வாயை எடுத்துவிட்டு அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தாள். பசி இருக்கும், திரும்பக் கவ்வுவாள், திரும்ப விடுவாள். அழுகையின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அடம் குறைந்துவிட்டது, நல்ல குழந்தையாகிவிட்டது என்று பேசிக்கொண்டோம். மூக்கின் இரண்டு பக்கமும் மூச்சுக்கு மூச்சு விரிந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்து குழிந்து எழுந்தது. மாந்தம் என்றார்கள், வசம்பு உரைத்து ஊற்றினேன். சளி என்றார்கள், குளிப்பாட்டி அதே கணப்புச் சட்டியில் சாம்பிராணி போட்டுத் தொட்டிலையே புகைமூட்டமாக்கினேன். குளிரில் எடுத்துக்கொண்டு வெளியே போகாதே என்றார்கள், கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டேன். அவளுக்கு எது ஆகாதோ அதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தோம். செய்ததெல்லாம் ஆசையினால்தான் செய்தோம்.

ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் போனோம். உன்னை மாதம்மாள் வீட்டில் விட்டிருந்தோம். அங்கே இருந்த நர்ஸம்மா குழந்தையை வாங்கியதும் அதன் உச்சந்தலையை மோந்து பார்த்தாள். காதுக்குப் பின்னால் விரலை வைத்துத் தேய்த்து அந்த விரலை என்னிடம் காட்டினாள். மாவு மாதிரி சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஏம்மா, புள்ள எங்க படுக்குது?” என்று கேட்டாள்.

“வூட்டுக்குள்ளதாங்க. தொட்டில்லீங்க.”

“தொட்டிலுக்குக் கீழ என்னா வெச்சிருக்கீங்க?”

நான் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டு, குழந்தையை நிமிர்த்தித் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, மெதுவாக நடந்துகொண்டே இருந்தாள். பாப்பாத்தி அவள் தோளிலேயே போய்விட்டாள். கீச்சென்ற சத்தம் நின்றபோது, சரியாகிவிட்டது என்று நினைத்து நான் உன் அப்பாவைப் பார்த்துச் சிரித்தேன், மாது. அந்தச் சிரிப்புத்தான் எனக்கு ஆறவே இல்லை.

பாப்பாத்தி காய்ச்சலில் போனாள் என்று உன்னிடம் சொல்லி வைத்தோம். சின்னப் பையன், குஞ்சுகளோடு விளையாடுகிறவன், எதற்குச் சொல்ல வேண்டும் என்று உன் அப்பா சொன்னார். நீ அந்தச் சத்தத்தை மறந்தும் போய்விட்டாய், நல்லதுதான் என்று நானும் இருந்துவிட்டேன். இப்போது இதைச் சொல்வது உன்னை அழவைக்க இல்லை. என்னை நானே அடித்துக்கொண்டு உட்காரவும் இல்லை. அழுதாகிவிட்டது, அடித்துக்கொண்டும் ஆகிவிட்டது. அந்தச் சத்தத்துக்குச் சிரிக்கக் கூடாது என்று தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் உனக்கு நாங்கள் இரண்டு பேர்தான் இருக்கிறோம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உன் அப்பா இதை நேரில் சொல்வார் என்று எதிர்பார்க்காதே, அவரால் முடியாது.

என்னை நம்பாவிட்டால் ஒரு தட்டை எடுத்து விளக்கெண்ணெய் தடவி, தொட்டில் தொங்கும் உயரத்தில் கட்டித் தொங்கவிடு. காலையில் கட்டினால் சாயங்காலம் எடுத்து விரலால் ஒரு கோடு இழுத்துப் பார். அதில் ஒட்டியிருப்பதுதான் அன்றைக்குப் பையன் இழுத்த மூச்சு. ஆனால் தட்டைக் கட்டிப் பார்க்க வேண்டுமென்று ஆஸ்பத்திரியைத் தள்ளிப் போடாதே. உன் அப்பா வந்த அன்றே, மாட்டு வண்டியோ பஸ்ஸோ எது முதலில் கிடைக்கிறதோ அதில் தருமபுரிக்குக் கிளம்பு. வீட்டில் கோழிக்குஞ்சு வைத்திருக்கிறோம் என்பதை அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீயே சொல். வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காதே.

வள்ளி மறுபடியும் எப்போதாவது குஞ்சு வளர்ப்பாள். அவள் கை சும்மா இருக்கிற கை இல்லை. அவளுக்கு இதைப் படித்துக் காட்டு. சாம்பல் தூவவே கூடாது. உமியும் வேண்டாம், உன் கிடங்கில் வாள் அறுத்த மரத்தூளும் வேண்டாம், அது உமியைவிட மோசம். தச்சர்கள் இழைக்கும்போது சுருள் சுருளாக விழுமே, அதை அள்ளி வெளியே காற்றில் உதறி, பொடி போன பிறகு பரப்பச் சொல். ராகி மாவை வறட்டு மாவாக வைக்காமல் தண்ணீர் தெளித்துப் பிசிறி வைத்தால், கொத்தும்போது கிளம்பாது. தரையை விளக்குமாற்றால் தொடக்கூடாது, ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தண்ணீரை ஊற்றி நனைத்துவிட்டால் குஞ்சுக்குக் குளிர் பிடிக்கும், கை ஈரம் போதும். சுத்தம் செய்யும்போது மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துணி கட்டிக்கொள்ளட்டும். அழுக்கை எடுத்துப் போட்டுவிட்டு, குளித்து, சேலை மாற்றிய பிறகுதான் குழந்தையைத் தொட வேண்டும். அந்தச் சேலை முந்தானையால் பையன் வாயைத் துடைக்கவே கூடாது. இத்தனையும் செய்தால் தூசு குறையும். குறையும் என்றுதான் சொல்கிறேன். குஞ்சு இருக்கிற அறையில் தூசு இல்லாமல் செய்ய யாராலும் முடியாது. அதனால் எத்தனை சுத்தம் செய்தாலும், அவன் தூங்குகிற அறையில் ஒரு குஞ்சுகூட இருக்கக் கூடாது. உன் வீட்டில் இருப்பதோ ஒரே அறை.

எல்லாவற்றையும் விற்றுத் தள்ளு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத மனம் வரவில்லை. தோட்டைக் கழற்றிக் கொடுத்த பெண்ணிடம் அதைச் சொல்லாதே. இறகு பாதி முளைத்த குஞ்சை இந்தச் சீக்குக் காலத்தில் எவன் வாங்குவான்? வாங்கினாலும் அடிமாட்டு விலைக்குக் கேட்பான். ஆகவே உன் அப்பா இரண்டு பெரிய மூங்கில் கூடைகளோடு வருகிறார். குஞ்சுகள் எல்லாவற்றையும் அதில் போட்டுக் கொடுத்தனுப்பு. இங்கே நான் வளர்க்கிறேன். மாட்டுக்கொட்டகை ஓரத்தில் தட்டி கட்டச் சொல்லியிருக்கிறேன், ஆனால் மார்கழிக் குளிர் கடுமையாக இருந்தால் என்னோடு உள்வீட்டில்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். முட்டை போட ஆரம்பித்ததும் கோழியாகவே திருப்பி அனுப்புகிறேன், அப்போது அவற்றை வெளியே கூண்டில் வைக்கலாம். வள்ளியின் தோடு எங்கேயும் போகாது என்று சொல். என் மார்பைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம். உன் அப்பாவும் அதைத்தான் பேச வாயெடுத்தார். கெடுவதற்கு இங்கே இனி என்ன பாக்கி இருக்கிறது என்று கேட்டேன். கூடையைப் பின்னப் போய்விட்டார்.

இன்னும் ஒன்று. தை மாதம் பையனுக்கு முடியிறக்கக் குலசாமி கோயிலுக்கு வருவதாகவும், அப்படியே அவனை இங்கே கொண்டுவந்து என் மடியில் போட்டுப் பத்து நாள் தங்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. உன் அப்பா பார்த்திருக்கிறார், நான் இன்னும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கோயில் குன்றின்மேல் இருக்கிறது, அங்கே ஏறி வர என்னால் ஆகாது. நீங்கள் முடியிறக்குங்கள், பொங்கல் வையுங்கள், அப்படியே அங்கிருந்து திரும்பிவிடுங்கள். குஞ்சுகள் இருக்கிற வீட்டுக்கு அவன் வரக்கூடாது. இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் என்று உன் அப்பா சொல்கிறார். நானும் சரி என்று தலையாட்டினேன். இப்போது தெளிவாக இருக்கிறபோது சொல்லி வைக்கிறேன், கேட்டுக்கொள். தை பிறந்து நீங்கள் கோயிலுக்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் என் மனசு நிற்காது. ஒரே ஒரு தடவை காட்டிவிட்டுப் போ என்று நானே ஆள் அனுப்புவேன். அப்போதும் கொண்டுவராதே.

உன் அம்மா